நட்புப் போட்டியும் நடுவர் கடமையும்

ஒருவரோடொருவர் போட்டியிடுவது மனிதனுக்கு நன்மையா, தீமையா என்னும் வினா மிகப் பழையது. பொறாமை நம் நற்செயல்களை அழித்துவிடும் என்று நாம் எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். அதே வேளையில், நன்மைகளில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளுமாறு திருமறையின் இரண்டாம் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் நம்மை ஏவுகின்றன. முந்தவும் வேண்டும், முந்தியவர் மீது காழ்ப்புக் கொள்ளாமலும் இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிதான இவ்விரண்டையும் ஓர் உள்ளத்தில் ஒருசேர வைத்துக்கொள்வது எங்ஙனம்?

பல்லாண்டுகளாக மாணவர்க்கு இதனைப் பாடமாகச் சொல்லி வந்த நாம், இதிலுள்ள கடினத்தை உள்ளபடி உணர்ந்தது ஒரு சிறு பேனாப் போட்டியின்போதுதான். அதுவும், நடுவராக இருந்து நாமே செய்த ஒரு தவற்றின் வழியாக. அதனை மறைக்காமல் எழுதுவது வாசக அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

சாத்தூர் நிப்பு

விருதுநகர் மாவட்டத்து ஊர்களை வெளியூரார் அவ்வவ்வூர்ப் பொருளைக் கொண்டே அறிவர். விருதுநகர் என்றால் வற்றலும் எண்ணெயும் பருப்பும். சிவகாசி என்றால் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும். அதே சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பெயர் பெற்றிருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார்.

வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறு சிறு பட்டறைகளில் உலோகத் தகட்டை வெட்டி, அழுத்தி, வளைத்து, நுனியைப் பிளந்து, தேய்த்து நிப்பு செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பையில் மைக்கறை படிந்திருந்த அந்நாளில், நிப்பு மழுங்கினால் புதுப் பேனா வாங்குவதில்லை. சில காசுகளுக்கு வேறொரு நிப்பு வாங்கிச் செருகிக்கொள்வோம். எங்கள் அத்தா வாங்கித் தந்த முதல் பேனாவில் இருந்ததும் சாத்தூர் நிப்புதான். பின்னர்ப் பந்துமுனைப் பேனா வந்தது. மை நிரப்ப வேண்டுவதில்லை, கறை படிவதில்லை, விலையும் குறைவு. மைப்பேனா ஒதுங்கியது, நிப்புப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்கு வேலை செய்தோர் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிற தொழில்களுக்கும் சென்றனர்.

எழுதுகோலின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் அத்தியாயம் ஒன்றை ஓதி வளர்ந்தவர்கள் நாம். ‘கலம்’ என்னும் அரபுச் சொல்லுக்கு மூலம் நாணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பர். ‘பேனா’வோ போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அரபுத்தமிழ் ஏடுகளை எழுதிய நம் முன்னோர் நாணலைச் சீவி, நுனியைப் பிளந்து, தம் கைக்குத் தக்கபடி தாமே எழுதுகோல் செய்துகொண்டனர். எழுதுகிறவனே எழுதுகோலையும் செய்த காலம் அது. ஆகவே, மரத்தைக் கடைந்து மைப்பேனா செய்யும் சிலர் நம் பகுதியில் இருக்கிறார்கள் என்று கேள்வியுற்றபோது நமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று.

எழுவர் கூடினர்

அவர்கள் எழுவர். கட்டில் கால் கடையும் ஆசாரி ஒருவர். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர். பட்டாசு ஆலையொன்றில் எந்திரங்களைப் பழுது பார்ப்பவர் ஒருவர். பொறியியல் படித்துவிட்டு வீட்டு முற்றத்தில் சிறு கடைசல் எந்திரம் வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர். சாத்தூர்ப் பட்டறையில் முப்பது ஆண்டு நிப்பு வேலை செய்த முதியவர் ஒருவர். அவர்களோடு ஆர்வத்தால் சேர்ந்த இருவர். தத்தம் கையால் ஆளுக்கொரு மரப்பேனா செய்து, எது சிறந்தது என்று பார்க்கலாம் என்று முடிவு செய்து, நம்மை நடுவராக இருக்கும்படி அழைத்தனர்.

மரவேலையில் நமக்குத் தேர்ச்சி இல்லையே என்றோம். “வாத்தியார் பாய், நீங்க வலமிருந்தும் எழுதுறீங்க, இடமிருந்தும் எழுதுறீங்க. ரெண்டு பக்கமும் ஓடுனாத்தானே அது பேனா?” என்றார் ஆசாரி. அது நியாயமாகப் பட்டது. தமிழை எழுதும்போது எளிதாக இழுபட்டு வரும் நிப்பு, அரபியை எழுதும்போது தாளைக் கீறித் தடுமாறுவதுண்டு. கூர்மை ஒருபுறம் சாய்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மரப்பேனா செய்வது பார்வைக்குத் தோன்றுவதுபோல் எளிய வேலையன்று. மரத்துண்டு நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் பின்னர் சுருங்கி வெடிக்கும். நடுவே கோணாமல் துளையிட்டு, உள்ளே குழாய் செருகி ஒட்டி, கடைசல் எந்திரத்தில் ஏற்றி, சுழலும் மரத்தின் மீது உளியை வைத்துக் கடைய வேண்டும். உளி சற்று ஆழ்ந்தால் துண்டு சிதறிவிடும். பிறகு உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகிட வேண்டும். மை மரத்தில் படாதபடி உட்புறத்தைக் காக்கவும் வேண்டும். அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்களை வைத்து நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள். அவற்றைச் செய்யும் அதே கடைசல் கலைதான் இங்கே விரலளவுக்குச் சுருங்கி, மயிரிழையளவு பிழையையும் பொறுக்காத வேலையாகிறது.

பணமும் வேகமும்

போட்டிக்கு முன்பே இரண்டு வினாக்கள் எழுந்தன. முதலாவது பணம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போடுவது, வென்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது என்று ஒருவர் சொன்னார். “தோற்றவர் பணத்தால் வென்றவர் பை நிரம்பினால் அது சூதின் சாயலாகிவிடும்” என்று நாம் மறுத்தோம். எந்தெந்தப் போட்டிகளுக்குப் பரிசு வைக்கலாம் என்பதில் நம் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அம்பெய்தல், குதிரை, ஒட்டகம் ஆகியவற்றோடு நிறுத்தியோரும் உளர். பயனுள்ள பிறவற்றுக்கும் விரித்தோரும் உளர். ஆயினும், போட்டியிடுவோர் அனைவரும் பணம் வைத்து வென்றவர் அள்ளிச் செல்வதை அவர்களில் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. போட்டியில் சேராத ஒருவர் பரிசளிப்பதை ஏற்றனர்.

இதிலுள்ள நுட்பம் எல்லாச் சமயத்தார்க்கும் விளங்கக் கூடியதே. என் பணம் உன் வெற்றியோடு போய்விடும் என்னும்போது, உன் உளி வழுக்க வேண்டும் என்று என் மனம் தன்னையறியாமல் விரும்பத் தொடங்கும். நண்பனின் கேட்டில் எனக்கு ஆதாயம் ஏற்பட்டுவிட்ட பிறகு ‘நட்புப் போட்டி’ என்று பெயர் வைத்து என்ன பயன்? மற்றவர்களும் இதனை ஒப்புக்கொண்டனர். வணிகர் ஒருவர் நல்ல எஃகு உளி ஒன்றைப் பரிசாகத் தர முன்வந்தார்.

இரண்டாவது வினா வேகம் பற்றியது. எல்லாரும் ஓரிடத்தில் கூடி, மணி பார்த்து, முதலில் முடிப்பவர்க்குப் பரிசு என்று வைக்கலாமா என்று இளைஞர் கேட்டார். பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் உடனே தலையசைத்து மறுத்தார். “எங்க வேலையில வேகத்துல போட்டி போட்டா கை போயிரும், சமயத்துல ஆளே போயிருவான். அந்தப் பழக்கம் இங்கயும் வேணாம்” என்றார்.

அவர் சொல்லில் நம் வட்டாரத்தின் வரலாறே அடங்கியிருந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் சேர்ந்தது. மழை குறைந்த கரிசல் மண்ணில் வாழ்வற்றிருந்த பல்லாயிரவர்க்கு அத்தொழில் சோறு போட்டது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்னும் முறை, ஒவ்வொருவர் கையையும் பக்கத்திலிருப்பவர் கையோடு ஓட விட்டது. தீக்குச்சி அடுக்குவதிலும் பெட்டி நிரப்புவதிலும் சிறு பிள்ளைகளின் விரல்கள் ஒன்றையொன்று முந்தியதை நம் தலைமுறை கண்ணால் கண்டது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பள்ளிகளும், பெற்றோரின் விழிப்பும் சேர்ந்து அக்காட்சியைப் பெரிதும் மாற்றின. எனினும் அவசரத்தாலும் விதிமீறலாலும் நிகழும் வெடிவிபத்துகள் இன்னும் ஓயவில்லை. முந்துவது எல்லாம் நன்மையாகாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. ஆகவே போட்டிக்கு ஒரு மாத அவகாசம் வைத்தோம். அவரவர் வீட்டில், அவரவர் வேகத்தில் செய்யட்டும் என்று முடிவாயிற்று.

நாம் செய்த தவறு

குறித்த நாளில் ஏழு பேனாக்கள் மேசைமீது வந்தன. மர வேலைப்பாடு, வடிவம், மூடி பொருந்துதல், எழுத்து என்னும் நான்கு தலைப்புகளுக்கும் பத்துப் பத்தாக மதிப்பெண் இடுவதென நாமே தாள் தயாரித்திருந்தோம்.

ஆசாரி சீமைக்கருவேல மரத்தில் செய்திருந்தார். கரிசல் நிலத்தைக் கெடுக்க வந்த மரம் என்று நாம் வைது, வெட்டி, கரிமூட்டம் போட்டு எரிக்கும் அம்மரத்தின் வைரம், கடைந்து மெருகிட்டால் எத்துணை ஆழ்ந்த செந்நிறம் காட்டுகிறது என்பதை அன்றுதான் கண்டோம். சுருங்குவதும் முறுக்குவதும் அதில் மிகக் குறைவாம். ஓவிய ஆசிரியர் வேம்பில் செய்திருந்தார். நம் மாணவர் ஈட்டி மரத்தில் செய்திருந்த பேனா பொன்னிற வளையங்களோடு, கடைக் கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்து வந்ததுபோல் மின்னியது. முதியவரின் பேனா பனை மரத்தாலானது. கருநார்கள் வரிவரியாக ஓடியது அழகே. ஆனால் பனையின் நார் உளிக்குப் பிய்ந்து வரும் இயல்புடையது. இரண்டோர் இடத்தில் விரலுக்கு உறுத்தியது. மூடியும் சற்றுத் தளர்வு.

எழுதிப் பார்த்தோம். முதியவரின் பேனா, தமிழிலும் அரபியிலும் தாளின்மீது நீர் ஓடுவதுபோல் ஓடியது. “எழுத்தில் இதுவே முதல்” என்று நம் தாளில் குறித்துக்கொண்டோம். ஆனால் அது நான்கில் ஒரு பங்குதானே? கூட்டிப் பார்த்தபோது மாணவரின் பேனா முதலாவதாக நின்றது. அறிவித்தோம். கைதட்டினார்கள். உளி அவரிடம் சேர்ந்தது. முதியவர் தம் பேனாவைத் துணியில் சுற்றிக்கொண்டு, சொல்லாமல் எழுந்து சென்றார். அதனை நாம் கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

எட்டு நாள் கழித்து, மஃரிபுக்குப் பின் அம்மாணவர் நம் வீட்டுக்கு வந்து உளியை நம்முன் வைத்தார். “ஹஜ்ரத், இது எனக்கு உரியதன்று” என்றார். அவ்வளவு நன்றாக எழுதும் நிப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பதற்காக அவர் முதியவரைத் தேடிப் போயிருக்கிறார். நிப்பு கடையில் வாங்கியதன்று. பட்டறை மூடப்பட்டபோது எடுத்து வைத்திருந்த பழைய அச்சுகளைக் கொண்டு, எஃகுத் தகட்டை வெட்டி, அம்முதியவர் தாமே செய்தது. “என் பேனாவில் மரம் மட்டுமே என் வேலை, ஹஜ்ரத். நிப்பு, குழாய், வளையம், செருகி எல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டியாக வந்தவை. அவர் பேனாவில் பிறர் வேலை ஏறத்தாழ ஒன்றுமில்லை” என்றார்.

மறுநாள் இருவருமாகச் சாத்தூர் சென்றோம். கடைசல் எந்திரத்தின்மீது சாக்கு போர்த்தியிருந்தது. “அண்ணாச்சி, நிப்பு நீங்களே செய்ததென்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றோம்.

“நீங்க கேக்கலியே பாய்” என்றார் அவர். சற்று நேரம் கழித்து, “முப்பது வருசம் நிப்பு செஞ்சேன். எத்தனை லட்சமோ தெரியாது. எதுலயும் எம்பேரு கிடையாது. இங்கயாச்சும் யாராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். கேக்காம நானா எப்படிச் சொல்லுறது?” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. பரிசு கிட்டாமைக்கு அவர் வருந்தவில்லை. உளியை மாணவர் நீட்டியபோது வாங்கவும் மறுத்துவிட்டார். தம் வேலை இன்னதென்று எவரும் அறிய விரும்பவில்லை என்பதே அவர் வருத்தம். போட்டி என்று ஒன்று வைப்பதே ஒவ்வொருவர் வேலையையும் உற்றுப் பார்ப்பதற்காகத்தான். அப்பொறுப்பை ஏற்ற நாம், மினுமினுப்பைப் பார்த்தோம்; மதிப்பெண்ணைக் கூட்டினோம்; கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

கையால் செய்தது எது?

இக்கேள்வி புதியதன்று என்பது பின்னர் நினைவுக்கு வந்தது. இராஜமுந்திரியைச் சேர்ந்த கே.வி. இரத்தினம் 1921இல் காந்தியடிகளைச் சந்தித்தபோது, மக்களுக்குப் பயன்படும் பொருள் எதையாவது செய்யுமாறு அறிவுரை பெற்றுப் பேனா செய்யும் தொழிலில் இறங்கினார். கடைசலில் கடைந்த வன்ரப்பர்ப் பேனா அது. அப்பேனா முழுதும் சுதேசிதானா என்பதே அன்று எழுந்த பெரிய கேள்வி. உடல் இங்கே செய்யப்பட்டு, நிப்பு அயல்நாட்டிலிருந்து வந்தால் அதனைச் சுதேசிப் பேனா எனலாமா? ஜே.சி. குமரப்பா அதனை ஆராய்ந்தார். 1935இல் காந்தியடிகள் இரத்தினத்துக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். தஞ்சையில் பிறந்த அந்தக் குமரப்பா தம் இறுதிக் காலத்தைக் கழித்தது, நம் விருதுநகருக்கு அருகிலுள்ள டி. கல்லுப்பட்டி ஆசிரமத்தில்தான். ஒரு பொருளின் ஒவ்வோர் உறுப்பும் யாருடைய உழைப்பு என்று கேட்பதைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். அப்படிப்பட்டவர் வாழ்ந்த மண்ணிலிருந்துகொண்டு நாம் கேட்க மறந்தோம்.

வாங்கிய உறுப்பைப் பயன்படுத்துவது குற்றம் என்று இதற்குப் பொருளன்று. நம் மாணவர் எதையும் மறைக்கவுமில்லை. மரத்தைத் தாமே வளர்த்தவர் எவருமில்லை. உளிக்கு எஃகு உருக்கியவரும் எவருமில்லை. முழுதும் தன் கையால் ஆன பொருள் என்று ஒன்று உலகில் உண்டா என்பதே ஐயம். ஆகவே நேர்மை என்பது எல்லாவற்றையும் தானே செய்வதில் இல்லை. இது என்னுடையது, இது பிறருடையது என்று சொல்லுவதில் இருக்கிறது. அதனைச் சொல்ல இடமளிப்பது போட்டி நடத்துவோர் கடமை. அடக்கமுள்ளவர் தாமாகச் சொல்லார்; கேட்டால்தான் சொல்லுவார்.

பொறாமையும் மற்றொன்றும்

தமிழில் பொறாமை என்பது பொறுக்க மாட்டாமை. பிறனிடம் ஒரு நலம் இருப்பதை மனம் தாங்காமை. அரபியில் அதற்கு ‘ஹஸது’ என்று பெயர். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் அதனோடு ஒட்டிப் பிறந்ததுபோல் தோன்றும் வேறோர் உணர்வைப் பிரித்துக் காட்டுகிறார். பிறனுக்குள்ள நலம் நீங்க வேண்டும் என்று விரும்புவது ஹஸது. அது அவனிடம் இருக்கட்டும், எனக்கும் அதுபோல் வேண்டும் என்று விரும்புவது ‘கிப்தா’. அதற்கே ‘முனாஃபஸா’ என்றும் பெயர். விலையுயர்ந்தது என்று பொருள்படும் ‘நஃபீஸ்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. விலைமதிப்புள்ள ஒன்றை நோக்கி இருவர் ஒருங்கே விரைவதே போட்டி. இருவர் கண்ணும் அப்பொருளின்மீது இருக்கும்வரை அது நட்பு. ஒருவர் கண் மற்றவர் காலின்மீது விழும்போது அது பகையாகிறது.

இவ்விளக்கத்தை நாம் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். அதனைக் கண்ணால் காட்டியவர் நம் மாணவரே. வென்ற பிறகும் அவர் மனம் வெற்றியில் தங்கவில்லை. தம்முடையதைவிட நன்றாக எழுதிய நிப்பின்மீது தங்கியது. அந்நிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். நடுவராகிய நாம் கேட்க மறந்ததைப் போட்டியாளராகிய அவர் கேட்டார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் போட்டிகள் இடம்பெற்ற விதத்தை அதன்பின் மீண்டும் ஊன்றிப் படித்தோம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு அண்ணலார் ஓட்டப் போட்டி வைத்து ஒருமுறை தோற்று, பின்னொருமுறை வென்று மகிழ்ந்தார்கள். குதிரைப் பந்தயத்தில், பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் அளவும் என வேறாக வகுத்தார்கள். வலியவனையும் புதியவனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வனைத்தினும் நம் நெஞ்சைத் தைத்தது அஸ்லம் கிளையாரின் அம்பெய்யும் போட்டி. அண்ணலார் அவ்வழியே வந்து, தாம் ஒரு சாராரோடு இருப்பதாகச் சொன்னபோது, மறுசாரார் அம்பெய்வதை நிறுத்திவிட்டனர். தாங்கள் அவர்களோடு இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றனர். அப்போது அண்ணலார், தாம் அனைவரோடும் இருப்பதாகக் கூறி, எய்யச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் தமக்கு எதிரணியில் நிற்கிறார் என்று தோன்றிய மாத்திரத்தில் கை சோர்ந்துவிடுகிறது. நடுவர் எவரோடும் சேராமல் விலகி நிற்பது மட்டும் போதாது. எல்லாரோடும் இருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். சாக்கு போர்த்திய அந்த எந்திரம் கை சோர்ந்த ஒருவருடையது. வென்றவர் நம் பழைய மாணவர் என்பதை எல்லாரும் அறிவர். எந்தப் பேனா எவருடையது என்பதை அறிந்தே நாம் மதிப்பெண் இட்டோம். நாம் பக்கம் சாயவில்லை என்று நம் உள்ளம் சொல்லலாம்; முதியவர் உள்ளத்துக்கு அதனை நாம் எவ்வாறு மெய்ப்பிப்போம்?

மறு ஆண்டு

தீர்ப்பை மாற்ற வேண்டுமா என்று எழுவரும் கூடிப் பேசினோம். மாணவர் மாற்றச் சொன்னார், முதியவர் வேண்டாமென்றார். முன்பே அறிவித்த முறைப்படி அளித்த தீர்ப்பைப் பின்னர் மாற்றினால், எந்தத் தீர்ப்பும் நிலைக்காது என்று கருதி, அதனை அப்படியே விட்டோம். ஆனால் முறையே பிழையானது என்பதையும், முதியவரின் நிப்பைப் பற்றியும் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று சொன்னோம். அது போதுமா என்பது இன்றும் நம்மை உறுத்துகிறது. தவறான அளவுகோலால் அளந்துவிட்டு, அளவில் பிழையில்லை என்று சொல்வது முழு நீதியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மறு ஆண்டுக்கு விதிகளைத் திருத்தினோம். செய்தவர் பெயரின்றி எண் மட்டுமே பேனாவோடு வர வேண்டும். எவ்வுறுப்பு தம் கைவேலை, எது வாங்கியது என்று ஒரு தாளில் ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பேனா எழுதுவதற்கு உரியது. ஆகவே மதிப்பெண்ணில் பாதி எழுத்துக்கு. கடைசல் கற்று இரண்டாண்டு நிறையாதவர்களுக்குத் தனிப் பிரிவு. நடுவர் மூவர். போட்டியாளரின் உறவினரோ ஆசிரியரோ நடுவராகக் கூடாது என்றும் எழுதினோம். எனவே நாம் விலகிக்கொண்டோம்.

அவ்வாண்டு முதியவர் வென்றார் என்று எழுதினால் வாசகர்க்கு இனிக்கும். அவர் வெல்லவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சீமைக்கருவேல மரத்தில் மீண்டும் செய்த ஆசாரியே வென்றார். நபிகளாரின் அள்பா என்னும் ஒட்டகம், எதுவும் முந்த முடியாதது எனப் பெயர் பெற்றது. கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் ஒருநாள் அதனை முந்தியது. தோழர்கள் மனம் நொந்தபோது, உலகில் உயர்ந்தது எதுவாயினும் அதனைத் தாழ்த்துவது இறை நியதி என்னும் கருத்தில் அண்ணலார் அவர்களைத் தேற்றினார்கள். கைத்திறனும் அவ்வாறே, உயர்ந்து, பின் தாழும். தாழ்வதற்குள் இன்னொரு கைக்கு அதனை மாற்றிவிட்டால் கலை பிழைக்கும்.

அன்று முதியவர் தந்த தாளை நாம் வாங்கிப் பார்த்தோம். ‘நிப்பு: சொந்த வேலை’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே, ‘நுனி தேய்த்தது: என்னிடம் கற்கும் தம்பி’ என்று நம் மாணவரின் பெயரையும் சேர்த்திருந்தார். மாணவரின் தாளில் ‘நிப்பு: அண்ணாச்சி கற்றுத் தந்து நான் செய்தது; சரியாக ஓடவில்லை’ என்றிருந்தது. அவருக்கு நான்காமிடம்தான் கிடைத்தது.

போட்டி முடிந்தபின் எல்லாப் பேனாக்களையும் அருகிலுள்ள பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதவிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அவர்களுள் பலருடைய அன்னையர் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குச் செல்வோர். பனைமரப் பேனா ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைத்தது. அவள் அதனைத் திறந்து உள்ளங்கையில் எழுதிப் பார்த்துவிட்டு, “இந்த நிப்பு யாரு செஞ்சது?” என்று கேட்டாள். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து நின்றார்.